தழும்பு எந்தப் பக்கம்

மார்ச் 2

தம்பிக்கு,

இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று உறையைப் பிரிக்கும்போதே நினைத்திருப்பாய். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அது அப்படியேதான் இருக்கிறது. உன் மாமா போன் போடு என்றார். போனில் நாம் பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் கத்துவேன், நீ பட்டென்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு வயதானவர் வந்து நின்றார். கையில் ரெக்சின் பை, காலில் ரப்பர் செருப்பு. யாரோ என் மாணவியின் தாத்தா, மார்க் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, "எந்த கிளாஸ் பிள்ளைங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "டீச்சர் ஆயிட்டியா? நல்லது. நான் உன் அப்பா" என்றார்.

நான் உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. உன் மாமாதான் நாற்காலியை எடுத்துப் போட்டார்.

லாரி ஓட்டியது, அம்மாவின் பெயர், நாம் முன்பு குடியிருந்த வீட்டின் ஒழுகுகிற சமையலறை, எனக்குக் காதில் சீழ் வைத்து ராத்திரியெல்லாம் அழுதது, எல்லாம் சொல்கிறார். முப்பத்தோரு வருஷம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் மட்டும் "இருந்தேன்" என்கிறார். அம்மா போய்விட்டாள் என்று சொன்னதும் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைக் கழுவாமல் அப்படியே நின்றார்.

இப்போது மாடி அறையில் இருக்கிறார். உன் மாமாவுக்குச் சீட்டாட ஒரு துணை கிடைத்துவிட்டது, அவருக்குக் கவலை இல்லை. எனக்குத்தான் தலை சுற்றுகிறது. அவர் வீட்டை விட்டுப் போன வருஷம் எனக்கு ஒன்பது வயது. முகம் நினைவிருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பேன்; கண்ணை மூடினால் ஒன்றும் வருவதில்லை. அம்மா ஒரு போட்டோவிலாவது அந்த முகத்தை விட்டு வைத்தாளா? எல்லாவற்றிலும் கத்தரிக்கோலால் ஒரு ஓட்டை.

நீ சினிமாவில் மேக்கப் போட்டு, முகத்தோடு மல்லுக்கட்டிச் சாப்பிடுகிறவன். உனக்கு அப்போது ஆறு வயதுதான், ஆனாலும் ஏதாவது ஞாபகம் இருந்தால் எழுது. நான் தனியாக ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டேன். அது எனக்கு மட்டும் அப்பா இல்லை.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

உன் கடிதம் கம்பெனி ஆபீசுக்குப் போய், அங்கிருந்து படப்பிடிப்பு நடக்கிற இந்த ஊருக்கு வந்து சேர ஒரு வாரம் ஆகிவிட்டது. நாயகனுக்குத் தழும்பு ஒட்டிவிட்டு, அது காய்கிற பத்து நிமிஷத்தில் படித்தேன். மறுபடி படித்தேன். அவர் "என்ன, வீட்ல ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார். "ஆமா சார், செத்துப் போனவரு வந்திருக்காரு" என்றேன்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. மூக்கு, வாய் எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும். ஆனால் புருவத்தில் ஒரு தழும்பு. புருவத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு மேலே நெற்றி வரைக்கும் போகும், கீழே அகலம், மேலே போகப் போக ஊசி. வலது புருவம். இதை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தொழிலுக்கு வந்த முதல் வருஷம் மெழுகில் தழும்பு செய்து காட்டு என்று சொன்னபோது நான் செய்ததே அதைத்தான்.

அந்த ஆளுக்கு அது இருக்கிறதா, எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து எழுது. ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பு. நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

காதில் சீழ் வைத்த கதையெல்லாம் ஒரு அத்தாட்சியா? லாரி ஓட்டுகிறவர்கள் வண்டியில் ஒருத்தருக்கொருத்தர் வீட்டுக் கதை பேசிக்கொண்டேதான் போவார்கள். அவரோடு பத்து வருஷம் ஓடிய யாருக்கும் நம் வீட்டுச் சமையலறை ஒழுகியது தெரிந்திருக்கும். வயதான காலத்தில் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்று நினைக்கிறவருக்கு அது போதும்.

நான் இப்போது வர முடியாது. நாயகனின் கன்னத்து வெட்டுக்காயம் படத்தில் பாதிக்கு மேல் வருகிறது. அதை ஒரே மாதிரி தினமும் ஒட்ட வேறு கை இல்லை. இது சாக்கு இல்லை. சாக்கும்தான்.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

தழும்பு இருக்கிறது. நீ எழுதியது போலவே கீழே அகலம், மேலே ஊசி. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தலை துவட்டும்போது எதிரே நின்று பார்த்தேன். ஆனால் இடது புருவம்.

உன் கடிதம் வரும் வரைக்கும் அந்தத் தழும்பை நான் கவனிக்கவே இல்லை என்றால் நம்புவாயா? அது அங்கே இருப்பது எனக்கு அவ்வளவு இயல்பாகத் தோன்றியிருக்கிறது. இதை முதலில் அவருக்குச் சாதகமாக நினைத்தேன். பிறகு உன் "வலது" ஞாபகம் வந்து பயமாகிவிட்டது. இப்போது நான் கண்ணை மூடினால் ஒரு நாள் வலதில் தெரிகிறது, ஒரு நாள் இடதில் தெரிகிறது. உன் மாமாவைக் கேட்டால், "ரெண்டு பக்கமும் இல்லாம போனாதானே கவலை" என்கிறார். இந்த மனுஷனோடு நான் இருபது வருஷம் எப்படித்தான் ஓட்டினேனோ.

போட்டோ எடுக்க முடியவில்லை. கேமராவைத் தூக்கியதும் கையை முகத்துக்கு முன்னால் கொண்டுபோனார். "இந்த வீட்டுல என் மூஞ்சிய ஒரு தடவ வெட்டியாச்சு. போதும்மா" என்றார். ஆல்பத்தைப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. நான் அப்படியே வைத்துவிட்டேன். ஒளிகிறவர் பேசுகிற பேச்சா, வலிக்கிறவர் பேசுகிற பேச்சா, எனக்குப் புரியவில்லை.

முகத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது, அதனால் கேட்கிறேன். அம்மாவை ஏன் அப்படிச் செய்தாய்? அவள் போன அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உள்ளே இருந்தாய். திறந்தபோது யாரோ ஒரு பெண் படுத்திருந்தாள். சுருக்கம் இல்லை, கன்னத்துக் கரும்புள்ளி இல்லை, கண்ணுக்குக் கீழே பை இல்லை. வந்தவர்கள் எல்லாம் "தூங்குற மாதிரி இருக்காங்க" என்று உன்னைப் பாராட்டினார்கள். எனக்கு அழ ஆளே இல்லாமல் போய்விட்டது. நான் பதினாறு வருஷம் வைத்துப் பார்த்த முகம் அது இல்லை. அந்த அழுகை இன்னும் உள்ளேயே நிற்கிறது.

உன் ஞாபகத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று இதனால்தான் கேட்கிறேன். உனக்கு முகங்களைத் திருத்தித்தானே பழக்கம்?

போன கடிதத்தில் நான்கு எழுத்துப்பிழை. சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறேன்.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

அம்மா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. தலையை வாரி, முகத்தைத் துடைத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் உள்ளே போனேன். அம்மாவைத் தொட்டதும் ஜில்லென்று இருந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. கைக்குத் தெரிந்த வேலையைக் கை செய்ய ஆரம்பித்துவிட்டது. நிழல் விழுந்த இடத்தில் வெளிச்சம் வைத்தேன், புள்ளி தெரிந்த இடத்தை மூடினேன். அழுதுகொண்டே செய்தேன், அக்கா. கண் மறைத்ததால் நிறைய பூசிவிட்டேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கும் அது அம்மா இல்லை. துடைக்கலாம் என்று பஞ்சை எடுத்தேன். நீ கதவைத் தட்டிவிட்டாய். இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீ எல்லோர் முன்னாலும் கத்தியதில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஆனால் ஞாபகம் வேறு, கை வேறு. வலது புருவம்தான். என் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

அதே வடிவம், வேறு பக்கம் என்றால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். யாரோ சொல்லக் கேட்டுச் செய்த தழும்பு. வடிவத்தைச் சரியாகச் சொன்னவர் பக்கத்தைச் சொல்லவில்லை. சிரிக்காதே. என் பெட்டியில் ஒரு திரவம் இருக்கிறது, தோலில் தடவினால் காயும்போது தோலைச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். அசல் பழைய தழும்பு போலவே இருக்கும். தினமும் காலையில் இரண்டு நிமிஷம் போதும். அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முகம் கழுவுகிறாரா என்று பார்.

என் கண் கெட்டுப்போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். பஸ்ஸில் எந்த வழுக்கையைப் பார்த்தாலும் வழுக்கைக்காக ஒட்டுகிற ரப்பர் தொப்பியின் ஓரம் எங்கே முடிகிறது என்று தேடுகிறேன். இங்கே விக் கட்டுகிற அம்மா வலையில் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட்டுக்கொண்டே, "உனக்குப் பொண்ணு பாக்கப் போனா மூக்க இழுத்துப் பாப்ப போலிருக்கே" என்கிறார். சரிதான்.

இத்தோடு ஒரு சின்ன பாட்டில் அனுப்புகிறேன். ஒட்டியதை எடுக்கிற மருந்து. பஞ்சில் நனைத்து, தழும்பின் மேல் பகுதியில் மூன்று தடவை மேலிருந்து கீழே தேய். கண்ணில் படக்கூடாது. பொய்யாக இருந்தால் ஓரம் சுருண்டு வெள்ளையாகக் கிளம்பும். நிஜமாக இருந்தால் தோல் சிவக்கும், அவ்வளவுதான். தலைவலி மருந்து என்று சொல்லிக்கொள். மதியம் தூங்கும்போது செய்தாலும் சரி.

இப்படிச் செய்யச் சொல்ல எனக்கே கூசுகிறது. ஆனால் அந்த ஆளை அப்பா என்று கூப்பிட்டுவிட்டு, பிறகு இல்லை என்று ஆனால்? ஒரு தடவை போனவரைத் தாங்கிக்கொண்டோம். இன்னொரு தடவை என்னால் முடியாது.

தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

நீ சொன்னதைச் செய்தேன்.

ஐந்து நாள் அந்த பாட்டிலை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். எடுப்பேன், வைப்பேன். நேற்று முன்தினம் எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. மதியம் கூடத்துச் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பஞ்சை நனைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெட்ரோல் மாதிரி ஒரு நெடி. முதல் தடவை தேய்த்தேன். இரண்டாவது தடவை தேய்க்கும்போது கண்ணைத் திறந்துவிட்டார்.

தலைவலி மருந்து என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் கையைத் தட்டிவிடவும் இல்லை. என் கையில் இருந்த பஞ்சைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். "முழுசா தேச்சுப் பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூன்றாவது தடவையும் தேய்த்தேன். ஏன் தேய்த்தேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தோல் சிவந்தது. ஒன்றும் கிளம்பவில்லை.

பிறகு உன் கடிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். அவ்வளவு செய்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது? கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். அம்மாவைப் பற்றி நீ எழுதியிருந்த இடத்தில் வெகு நேரம் நின்றார். வலது புருவம் என்ற வரிக்கு வந்ததும் சிரித்துவிட்டார். நன்றாகவே சிரித்தார். "வலதுன்னா சொல்றான்? அவன் நின்ன எடத்துலருந்து பாத்தா வலதுதான்" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "அவனுக்குத் தெரியும். வற்புறுத்தாத, அவனா வரட்டும்" என்றார். நின்ற இடமா? எந்த இடம்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மழுப்புகிறார் என்றும் தோன்றியது, இல்லை என்றும் தோன்றியது.

நேற்று நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாடி அறை பெருக்கிச் சுத்தமாக இருந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது. ரெக்சின் பை இல்லை. உன் மாமாவிடம் "ஒரு எட்டு நடந்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பையோடு யாராவது நடக்கப் போவார்களா என்று இந்த மனுஷனுக்குத் தோன்ற வேண்டாமா? பஸ் நிலையம், ரயில் நிலையம், ஆஸ்பத்திரி எல்லாம் சுற்றிவிட்டோம். எந்த ஊரிலிருந்து வந்தார் என்றுகூட நான் ஒழுங்காகக் கேட்டு வைக்கவில்லை.

முப்பத்தைந்து நாள் இந்த வீட்டில் இருந்தார். ஒரு தடவைகூட நான் அப்பா என்று கூப்பிடவில்லை. "இந்தாங்க", "பாருங்க", "சாப்பிட வாங்க" என்றே ஓட்டிவிட்டேன்.

எனக்கு ஒரு உதவி செய். வலது புருவம்தான், எனக்குச் சந்தேகமே இல்லை என்று இன்னொரு தடவை எழுதி அனுப்பு. கொட்டை எழுத்தில் எழுது. யாரோ ஒரு வழிப்போக்கரை ஒரு மாதம் வைத்துச் சோறு போட்டோம், அவர் போய்விட்டார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அதை நீ எழுதினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. வரும் வரைக்கும் காத்திருக்கவும் முடியவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷம் அந்த பாட்டிலைச் சாக்கடையில் கொட்டிவிடு. அவர் மேல் அது படவே கூடாது.

நான் இன்றைக்கு ஒரு பெரிய தப்பு செய்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் செய்யாத தப்பு. இந்த ஊரில் எங்களுக்கு அறை கிடையாது, ஒரு வேனுக்குள்தான் மேக்கப். எப்போதும் நாயகனுக்கு எதிரே நின்றுதான் ஒட்டுவேன். இன்றைக்கு விக் பெட்டிகளை ஏற்றிவிட்டதால் எதிரே நிற்க இடம் இல்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஒட்டினேன். மனசெல்லாம் உன் வீட்டு மாடி அறையில் இருந்தது. எதிரே நின்றால் அவருடைய இடது கன்னம் என் வலக்கைப் பக்கம் வரும். கை அதற்குத்தான் பழகியிருக்கிறது. பின்னால் நின்றபோதும் கை வலப்பக்கமே போனது. வெட்டுக்காயம் கன்னம் மாறிவிட்டது.

யாருமே கவனிக்கவில்லை. அரை நாள் எடுத்து முடித்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் விக் கட்டுகிற அம்மாதான் நேற்றைய போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "ஹீரோவ நேத்து எந்தப் பக்கம் வெட்டினாங்கப்பா?" என்று கேட்டார். டைரக்டர் வாய்க்கு வந்தபடி திட்டினார். நான் திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறேன், காதில் ஒன்றும் ஏறவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்துவிட்டது.

நம் சின்ன வயதில் அவர் லாரியிலிருந்து வருவது பத்து நாளைக்கு ஒரு தடவை. வந்தால் தூங்குவார். மறுநாள் காலையில் நீ பள்ளிக்கூடம் போன பிறகு, குளியலறைச் சுவரில் தொங்கிய கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து சவரம் செய்வார். நான் கவிழ்த்த வாளி மேல் ஏறி, அவருக்குப் பின்னால் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எதிரே நின்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். கண்ணாடியில் பார்த்தால் பயம் இல்லை. அவரும் கண்ணாடிக்குள்ளேயே என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டுவார், நுரையைத் தொட்டுக் கண்ணாடியில் தெரிகிற என் மூக்கில் வைப்பார். எனக்குத் தெரிந்த அப்பா முகம் முழுக்க அதுதான். வேறு முகமே கிடையாது.

என் ஞாபகத்தில் தழும்பு என் இடக்கைப் பக்கம் இருக்கிறது. எதிரே நிற்கிற முகம் என்றால் அது அவருடைய வலது. இத்தனை வருஷமும் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் நான் எதிரே நின்றதே இல்லை, அக்கா. பின்னால் நின்றேன். அப்படியென்றால் அது இடது. நீ பார்த்த அதே இடது புருவம்.

இதனால் மட்டும் அவர்தான் என்று ஆகிவிடாது. அது எனக்கும் தெரியும். இடது புருவத்தில் தழும்பு உள்ள ஆயிரம் பேர் இருப்பார்கள். என் மண்டைக்குள் இன்னும் ஒரே குழப்பம்தான். ஆனால் கேட்க ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. லாரியில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார், சொல்கிற அளவுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அவரிடம் போய், "உங்க மகன் எங்க நின்னு உங்களப் பாப்பான்?" என்று கேள். வேறு எதுவும் சொல்லாதே. அதற்கு அவர் பதில் சொல்லிவிட்டால் எனக்குப் போதும், இந்த ஜென்மத்தில் வேறு அத்தாட்சி கேட்க மாட்டேன்.

டைரக்டரிடம் லீவு சொல்லிவிட்டேன். வலது கன்னம் கெட்டதில் இரண்டு நாள் படப்பிடிப்பு எப்படியும் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வந்துவிடுவேன். அதுவரைக்கும் அப்பாவை எங்கேயும் போக விடாதே.

தம்பி